முன்சீட்டு ஈரம்

சுப்புராயனுடைய காரில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் ஊற்றிவிட்டு வெள்ளிமலைக்கு ஏறினால், பாதி வளைவு தாண்டுவதற்குள் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டுக் கிடையாது. தரை காய்ந்து கிடக்கும். "வண்டி தண்ணி குடிக்குதுப்பா" என்று அவன் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். கச்சிராயபாளையம் டீக்கடையில் சொன்னான், மரவள்ளி ஏற்றுகிற லாரிக்காரர்களிடம் சொன்னான், சின்னசேலம் பக்கத்து சவ்வரிசி ஆலையில் எடை போடுகிற ஆளிடம் கூடச் சொன்னான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அதே காரில், டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில், கால் வைக்கிற இடம் நனைந்து போகிறது. அது ஏன் என்று மட்டும் அவன் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்துவிட்டான். அந்தச் சீட்டில் உட்காருகிறவள் அவன் பெண்சாதி விஜயலட்சுமி. அவளுக்குப் போன ஐப்பசியில் கர்ப்பப்பையை எடுத்திருந்தது.

ஒரு பக்கம் தண்ணீர் காணாமல் போகிறது. இன்னொரு பக்கம் தண்ணீர் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இருக்கிறது. ஒரு குடும்பமே சேர்ந்து, அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சுப்புராயனுக்கு மலையில் மரவள்ளிக் காடு பார்த்து விலை பேசி, கிழங்கு பிடுங்கி ஆலைக்கு ஏற்றிவிடுகிற தொழில். அவன் காடு பார்க்கப் போகிற அன்று விஜயலட்சுமியும் கூடப் போவாள். சும்மா மலை பார்க்கப் போகிறவள் இல்லை அவள். இன்னாடு பக்கம் மலைக்காரப் பெண்கள் உலுக்கிப் பொறுக்கி ஓடு தட்டி வைத்திருக்கிற புளியை மூட்டையாக வாங்கி வருவாள். வீட்டில் உட்கார்ந்து கொட்டை எடுத்து, நார் உரித்து, கல்லுப்புப் போட்டு உருட்டி விற்பாள். மாசி பங்குனியில் அவள் விரல் நுனியெல்லாம் புளிப்பேறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் கையோடு சோறு பிசைந்தால் புளிக்குழம்பே ஊற்ற வேண்டாம் என்று மகள் செந்தமிழ்ச்செல்வி கேலி பண்ணுவாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வருஷக்கணக்கில் அவளுக்கு உதிரப்போக்கு. மாதத்தில் பாதி நாள் துணி மாற்றிக்கொண்டேதான் புளி உடைத்தாள், களை எடுத்தாள், ஆளுக்குச் சோறு பொங்கினாள். அப்போது அவள் ஒழுகியது உண்மை. அப்போது ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பையை எடுத்துத் தையல் ஆறி எழுந்த பிறகு, பல வருஷம் கழித்து உடம்பு லேசாக இருக்கிறது என்று அவளே அண்டை வீட்டில் சொன்னாள். அப்படி அவள் நன்றாக ஆன பிறகுதான் அவள் ஒழுகுகிறாள் என்று பேச்சு வந்தது.

முதல் தடவை அது நடந்தது மலைப்பாதையில். முள் ஏறிவிட்டது என்று சுப்புராயன் வண்டியை ஒதுக்கினான். தண்ணீர் கேன் எப்போதும் அவள் காலடியில்தான் இருக்கும். அதை எடுக்க இடது பக்கக் கதவைத் திறந்தவன், கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டில் கை பட்டதும் நின்றான்.

"இன்னாடி இது, சொதசொதன்னு கீது?"

"கேன் சிந்தியிருக்கும்."

அவன் கேனைத் தூக்கிப் பார்த்தான். மூடி இறுக்கமாக இருந்தது. கேனின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. அவளைப் பார்த்தான். பிறகு எதிரில் இருந்த மரத்தைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா எங்கனா நிறுத்தியிருப்பனே" என்றான் மெல்ல.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சூடேறியது. "யோவ், இன்னா பேசற நீ? என் பொடவயத் தொட்டுப் பாரு. காஞ்சி கீது."

"சரி வுடு. மெதுவா பேசு. ஆளு போவுது பாரு."

அந்த ரோட்டில் இரண்டு குரங்கைத் தவிர யாரும் போகவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பாள். அவனோ பரிதாபப்பட்டான். வீட்டுக்கு வருகிற வரைக்கும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, "போவணுமா?" என்று கேட்டான். பரிதாபப்படுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டான். சுப்புராயனின் அக்கா ஆயம்மாள் பக்கத்து வீட்டில்தான், தன் புருஷன் பாவாடையோடு இருக்கிறாள். தம்பி குடும்பத்தில் அவளுக்குத் தெரியாமல் பால் கூடப் பொங்காது. அன்று சாயங்காலமே மரவள்ளி சீவல் காயவைக்கிற நீலத் தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தே விஜியா, வெக்கப்படாத. பைய எடுத்தா அப்டித்தான். என் ஓர்ப்படியா தங்கச்சிக்கும் இப்டித்தான் ஆச்சி. இருமினா போதும், எறங்கிடும். இத சீட்டுல போட்டுக்கினு குந்து."

"அண்ணி, எனுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீறன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க."

அதிலிருந்து விஜயலட்சுமி தார்ப்பாய் மேல் உட்கார்ந்து மலை ஏறினாள். பங்குனி வெயிலில் அது தொடையோடு ஒட்டிக்கொள்ளும். அசைந்தால் சத்தம் போடும். ஒவ்வொரு தடவையும் தார்ப்பாய் காய்ந்திருந்தது, காலடி நனைந்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளும் அதைத்தான் கேட்டாள். "பாருங்க அண்ணி, குந்தற எடம் காஞ்சிதான கீது" என்றாள். ஆயம்மாள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "பிளாஸ்டிக்குல தங்குமா? வழிஞ்சி கீழ எறங்கிடுது" என்றாள். விஜயலட்சுமி பக்கம் இருந்த சாட்சியெல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

மகள் செய்ததுதான் இதிலெல்லாம் கொடுமை. செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், கறுப்புக் கவரில் சுற்றின ஒரு பாக்கெட்டை அம்மாவின் புடவை மடிப்புக்குள் வைத்தாள்.

"இன்னாது இது?"

"பெரியவங்களுக்கானதும்மா. கட்டிக்கினு போனா ஒண்ணும் தெரியாது. நம்ப கடையில நெறய பேரு வாங்கிக்கினு போறாங்க. இதுல ஒரு கேவலமும் இல்ல."

"எனுக்கு எதுக்குடி?"

"கோவப்படாதம்மா. நான் யாருகிட்டயும் சொல்லல."

மகள் அன்பாகத்தான் செய்தாள். அதனால்தான் விஜயலட்சுமிக்கு அழுகை வந்தது. ஊரே சொன்னாலும் இவள் ஒருத்தி "எங்கம்மாவுக்கு இல்ல" என்று சொல்லுவாள் என்று நம்பியிருந்தாள். அந்த பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை.

மலையிலிருந்து இறங்கியதும் சுப்புராயன் முதல் வேலையாக அந்த மேட்டை உருவி எடுத்துப் போய், அவள் பார்ப்பதற்கு முன்னால் கொல்லைப் பைப்பில் பினாயில் ஊற்றிக் கழுவி, மதில் மேல் போடுவான். அவளும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். மாதக்கணக்கில் அவள் அதை ஒரு தடவை கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அவமானம் ஒரு ஆளைத் தன்னுடையது எது, தன்னுடையது இல்லாதது எது என்று குனிந்து பார்க்கக்கூட விடாது.

ஒரு தடவை அவசரத்தில் கழுவாமல் அப்படியே மதிலில் போட்டுவிட்டு ஆலைக்குப் போய்விட்டான். ஆயம்மாள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். மேட் முழுக்கச் சிற்றெறும்பு.

"அடி ஆத்தே. விஜியா, இங்க வா. எறும்பு மொய்க்குது பாரு. உனுக்கு சக்கரையும் கீது."

மறுநாள் வெறும் வயிற்றில் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை எடுத்தார்கள். சர்க்கரை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. சுப்புராயன் நிம்மதியாக மூச்சு விட்டான். ஆயம்மாள், "எதுக்கும் சக்கரய கம்மி பண்ணிக்க" என்று அவள் டீயில் இருந்த சர்க்கரையை நிறுத்தினாள். சர்க்கரை இல்லாதவள் மூத்திரத்துக்கு எறும்பு எதற்கு வருகிறது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. விஜயலட்சுமிக்கு மட்டும் அந்தக் கேள்வி சர்க்கரை இல்லாத டீயோடு தினமும் தொண்டையில் இறங்கியது.

கார் மட்டும் இத்தனை மாதமும் ராஜ வைத்தியம் பார்த்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற அரங்கநாதன் ரேடியேட்டரை மாற்றினான். இஞ்சின் சூட்டைத் தணிக்கிற பச்சை நிறக் கூலண்ட் வாங்கி ஊற்றினான். மூடியை மாற்றினான், ஹோஸ் மாற்றினான், தண்ணீர் பம்பை மாற்றினான். புது மூடி போட்ட பிறகு கார் முன்னைவிட ஜாஸ்தியாகக் குடித்தது. காலடி ஈரமும் ஜாஸ்தியானது. "உனுக்கு முத்திக்கினு வருது" என்றாள் ஆயம்மாள்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்த நேரத்தில் அரங்கநாதன் போன் பண்ணினான். கை சோற்றில் இருந்ததால் சுப்புராயன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ண்ணா, யோசிச்சி பாத்தன். வெளிய எங்கயும் ஒழுவல. அப்ப உள்ளதான் ஒழுவணும். ஒண்ணு ஹெட்டு கேஸ்கெட் போயி இஞ்சின் உள்ளயே எறங்கணும். இல்லனா வண்டிக்குள்ள எறங்கணும். முன்னால காலு வெக்கிற எடத்துல ஈரம் எதனா கீதா?"

சுப்புராயன் சோற்றுக் கையோடே போனைப் பிடுங்கி ஸ்பீக்கரை அணைத்தான். வாசலுக்குப் போய்க்கொண்டே, "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. உள்ள சுத்தமா காஞ்சி கீது" என்றான்.

ரசம் கரண்டியோடு நின்றிருந்த விஜயலட்சுமிக்கு அந்த நிமிஷம் அவன் மேல் பாசமே வந்தது. நாலு பேருக்குத் தெரியாமல் தன் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தாள். பாத்திரம் கழுவும்போதுதான் வேறு மாதிரி தோன்றியது. மெக்கானிக்குக்கு இவளைப் பற்றி என்ன தெரியும்? கார் ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறவன் காலடி ஈரத்தை எதற்குக் கேட்கிறான்?

அவள் வாசலுக்குப் போனாள். "அவன் எதுக்கு அத்த கேட்டான்?" என்றாள்.

"எவன்?"

"மெக்கானிக்கு. காலு வெக்கிற எடத்துல ஈரம் கீதான்னு கேட்டானே."

"ஆயிரம் கேப்பான். உனுக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி? வேலயப் பாரு."

அந்த வாரமே செந்தமிழ்ச்செல்வியின் நிச்சயதார்த்தப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை இளஞ்செழியன் மணலூர்பேட்டைக்காரன். கரும்பு, நெல் என்று விவசாயக் குடும்பம், கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடையும் உண்டு. அங்கேயே ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்களுக்கு வேன். வீட்டுக்காரர்கள் காரில். சுப்புராயன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தான். ஆயம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"விஜியா, நான் சொல்றத கோச்சிக்காத கேளு. மணலூர்பேட்ட ரொம்ப தூரம். சம்மந்தி வூட்டு ஆளுங்க மண்டபத்து வாசல்ல நிப்பாங்க. எறங்கற நேரம் பாத்து எதனா ஆயிட்டா, பொண்ணுக்குத்தான கேவலம்?"

"அதுக்கு?"

"தட்டு மாத்தறதுக்கு அக்காவும் மாமாவும் நிக்கட்டும். உனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாமா, சொல்லிட்டியா?"

அவன் கட்டில் கயிற்றை நிமிண்டினான். ஆயம்மாள்தான், "நேத்தே போன்ல சொல்லியாச்சிடி. பாவம், அவங்களும் ஒடம்ப பாத்துக்கச் சொன்னாங்க" என்றாள்.

விஜயலட்சுமி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னாடி சொல்ற?"

செந்தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "கல்யாணத்துக்கு நீதானம்மா நிக்கப் போற. இது ஒரு நாளுதான" என்றாள்.

பெற்றவள் உயிரோடு, கை கால் நன்றாக, அடுப்படியில் நிற்கிறாள். அவள் பெண்ணுக்கு நிச்சயத் தட்டு மாற்ற நாத்தனார் போகிறாள். இதை அந்த வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பேசி, நல்லதுக்குத்தான் என்று முடிவும் பண்ணியிருந்தார்கள். விஜயலட்சுமி போய்ப் புளி உடைக்க உட்கார்ந்தாள். அன்று அவள் கட்டை ஓங்கின வேகத்தில் கொட்டையே நொறுங்கியது.

இரண்டு நாள் கழித்து சுப்புராயன் தனியாக மலைக்குப் போனான். இப்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவது இல்லை. புளி மூட்டையை அவனே ஏற்றி வருகிறேன் என்றான். வெயில் உச்சியில் திரும்பி வந்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அசதியில் அப்படியே சாய்ந்தான். மேட்டைக் கழுவவில்லை. அவள் வராத நாளில் கழுவுவதற்கு என்ன இருக்கிறது என்று அவனுக்கே தோன்றியிருக்கும்.

விஜயலட்சுமி புளி மூட்டையை இறக்கக் காருக்குப் போனாள். புங்க மரத்து அடியில் நின்றிருந்தது. இடது பக்கக் கதவைத் திறந்தாள். காலடியில் இருந்த மேட் நனைந்து பளபளத்தது.

அவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து அவள் இந்தக் காரில் ஏறவே இல்லை. அவனைத் தவிர ஒருவரும் ஏறவில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்தால் இளம் பச்சை. பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. கதவு இடுக்கில் அதற்குள் எறும்பு வரிசை கட்டியிருந்தது. தன் மூத்திரம் எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை குனிந்து மோந்திருந்தால் போதுமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அந்த ஆத்திரம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

உள்ளே தூங்குகிறவனை எழுப்பி, "இது யாருதுய்யா?" என்று கேட்கலாம்தான். "பழசு ஊறியிருந்தது இப்ப கசியுது" என்பான். அவளுக்குத் தெரியும். மேட்டை உருவினாள். காலி உரச்சாக்கில் சுருட்டித் திணித்தாள். புடவையைக்கூட மாற்றாமல் ஷேர் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள், "இன்னாக்கா மூட்டயில, தித்திப்பா வாசன வருது?" என்றாள். "மானம்" என்றாள் விஜயலட்சுமி. அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அரங்கநாதன் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். அவள் சாக்கைக் கவிழ்த்து மேட்டை அவன் கண் எதிரில் விரித்தாள்.

"எழுந்து வா. இது இன்னான்னு பாத்து சொல்லு."

அவன் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தொட்டு மோந்தான். "கூலண்ட்டுக்கா. நான் ஊத்தினதுதான், பச்ச. தித்திப்பா இருக்கும், எறும்பு கூட மொய்க்கும். எங்க இருந்திச்சி?"

"முன்சீட்டு காலடியில. மாசக்கணக்கா கீது."

"மாசக்கணக்காவா? அண்ணன் காஞ்சி கீதுன்னாரே. ரெண்டு வாட்டி கேட்டன்க்கா நான்."

"கேட்ட. ஆம்பள சொன்னத நம்பிட்ட. ஒரு வாட்டி கதவத் தொறந்து குனிஞ்சி பாத்தியா?"

"வண்டி இங்க வரும்போது மேட்டே இருக்காதுக்கா. உள்ள பினாயில் வாசன கமகமன்னு இருக்கும். அண்ணன் வண்டிய அவ்ளோ சுத்தமா வெச்சிக்கிறாரேன்னு நான் பசங்ககிட்ட கூட சொன்னன்." அவன் தலையைச் சொறிந்தான். "எதுக்குக்கா மறைச்சாரு? இத மறைக்க இன்னா கீது?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், பட்டறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எனுக்கு பைய எடுத்திருக்குது. அதனால நான் மூத்திரம் வுட்டுட்டன்னு நெனச்சிக்கினு, அத்த மறைச்சாரு."

ஸ்பேனர் சத்தம் நின்றது. அரங்கநாதன் மேட்டைச் சுருட்டி மறுபடி சாக்கில் வைத்தான். பிறகு போனை எடுத்து, "ண்ணா, வண்டிய எடுத்துக்கினு வாங்க. இல்ல, நான் ஒண்ணும் கேக்கல, வாங்க. அக்கா இங்கதான் கீறாங்க" என்றான்.

கார் வந்தது. டேஷ்போர்டுக்கு உள்ளே ஹீட்டர் காயில் என்று ஒன்று இருக்கிறது, குளிர் ஊரில் உள்ளே சூடான காற்றுக் கொடுப்பதற்கு, என்று அரங்கநாதன் விளக்கினான். இஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் அதற்குள் போய்ப் போய்த் திரும்பும். நாம் அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் போகும். அது ஓட்டையாகி உள்ளே வழிந்திருக்கிறது. மலை ஏறும்போது அழுத்தம் ஜாஸ்தி, வழிவதும் ஜாஸ்தி. சித்திரை வெயிலில் தார் உருகுகிற கள்ளக்குறிச்சியில் ஒரு காருக்கு ஹீட்டர். பிறந்ததிலிருந்து ஒருவரும் அதைத் திருகிப் பார்த்ததில்லை. அந்த வேண்டாத சாமான் ஒழுகினதற்குத்தான் ஒரு பெண்பிள்ளை தார்ப்பாயில் உட்கார்ந்தாள்.

அதற்குப் போகிற இரண்டு குழாயையும் பிடுங்கி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டான். வேலை முடிந்தது. சுப்புராயன் முகம் விரிந்துவிட்டது.

"அப்பாடா, இவ்ளோதானா? இஞ்சினப் பிரிச்சி ஹெட்டு எறக்க வேணாமே? நான் பயந்துக்கினே இருந்தன்" என்றான். போண்டா வாங்கிக் கொடுத்தான், டீ வாங்கிக் கொடுத்தான். அவளுக்குச் சர்க்கரை போட்டே சொன்னான். வழியெல்லாம் போனில், "வண்டி ரெடியாயிடுச்சி. ஹீட்டர்ல போயிருக்குது" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான். எட்டுப் பேரிடம் சொன்னால் எட்டுப் பேரிடமும் வண்டியைப் பற்றித்தான் சொன்னான்.

ஆயம்மாள் வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப நீ நல்லாத்தான் கீறியா? அத்த மொதல்லயே கொஞ்சம் அழுத்தி சொல்றதில்ல?" என்றாள்.

நிச்சயத்தன்று காலை வேன் முன்னாலேயே கிளம்பிவிட்டது. பூ, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் அடுக்கின தட்டை மடியில் வைத்துக்கொண்டு விஜயலட்சுமி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஆயம்மாள், பாவாடை, நடுவில் பட்டுப்புடவையில் செந்தமிழ்ச்செல்வி. காலடியில் புது மேட். சுப்புராயன் சாவியைத் திருகினான். இஞ்சின் பிடித்தது.

"ஒரு நிமிசம் இரு" என்றாள் விஜயலட்சுமி. "ஒண்ணு கேக்கறன், சொல்லு. அது என்னுதாவே இருந்திருந்தா?"

"எது?"

"அந்த ஈரம். வண்டியுது இல்ல, என்னுதுன்னே வெச்சிக்க. பைய எடுத்ததால எனுக்கு நெசமாவே ஒழுவுதுன்னு வெச்சிக்க. அப்ப இன்னிக்கி என்னெ கூட்டிக்கினு போவியா, மாட்டியா?"

"அதான் இல்லன்னு ஆயிடுச்சே. எதுக்கு நல்ல நாளும் அதுவுமா?"

"நான் அத்த கேக்கல."

சுப்புராயன் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். ஆயம்மாள், "நல்ல நேரம் போவுதுடி" என்றாள். பாவாடை கனைத்தார். செந்தமிழ்ச்செல்வி கை வளையலைத் திருகினாள்.

விஜயலட்சுமி கதவைத் திறந்து இறங்கினாள். தட்டு அவள் கையில் இருந்தது.

"நீங்க வண்டியில வாங்க. நான் பஸ்ஸுல வரன். நான் வராம தட்டு மாறாது."

"தே, பைத்தியமா புடிச்சிருக்குது உனுக்கு?" சுப்புராயன் கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் கள்ளக்குறிச்சி டவுன் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. கை காட்டி ஏறினாள். நிச்சயத் தட்டோடு ஏறுகிறவளைப் பார்த்து கண்டக்டரே எழுந்து இடம் விட்டான்.

கார் பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது. முந்திப் போகவும் முடியாது, போய் என்ன பண்ணுவது, தட்டு பஸ்ஸில் இருக்கிறது. பஸ் நின்ற இடத்தில் எல்லாம் அதுவும் நின்றது. கூடைக்காரி ஏறுகிற வரைக்கும், ஆட்டுக்குட்டியோடு ஒருவன் இறங்குகிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. சூடே ஏறாமல், சமர்த்தாக, இவ்வளவு நன்றாக அந்தக் கார் எப்போதும் ஓடினதில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் பஸ்ஸில் ஒரு சலசலப்பு. பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிறையப் பூவோடு, கல்யாணப்பெண் ஒருத்தி படியேறி வருகிறாள். செந்தமிழ்ச்செல்வி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பஸ் கிளம்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. கண் மை லேசாகக் கலைந்திருந்தது.

"கூட்டிக்கினு போயிருக்க மாட்டோம்மா" என்றாள். "உன்னுதா இருந்திருந்தா, வுட்டுட்டுத்தான் போயிருப்போம். நானும்தான்."

விஜயலட்சுமி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டு மனிதர் ஒருவர் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"உக்காரு" என்றாள். "பொடவ கசங்குது."